பீப்பாயும் போத்தலும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் பான வரலாறு பற்றி ஓர் ஆய்வு

மதுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, குடிப்பது தகுமா தகாதா என்னும் தர்ம விசாரத்தோடு தொடங்கி அதனோடேயே முடிந்துவிடுவன. அவ்விசாரம் வேண்டாததன்று, குடியினால் குலைந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்ட ஒரு சமூகத்துக்கு அது இயல்பானதுங்கூட. எனினும், ஒரு பானம் எங்கே விற்கப்படும், யார் கையால் விற்கப்படும், எத்தகைய மதிப்போடு விற்கப்படும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கிற, பார்வைக்கு அற்பமான ஒரு தொழில் நுணுக்கக் கேள்வி அவ்விசாரத்துக்கும் முன்னே நிற்கிறது. பீப்பாயிலோ கலயத்திலோ புளித்துக் கிடக்கும் பானம் போத்தலுக்குள் புகுமா, புகுந்தால் அங்கே அமைதியாக இருக்குமா என்பதே அக்கேள்வி. கோலாலம்பூரையும் கிள்ளானையும் சூழ்ந்த இப்பள்ளத்தாக்கில் நூறாண்டுக்கு மேலாகத் தமிழர் குடித்துவந்த கள், பீர், சம்சு என்னும் மலிவுச் சாராயம் ஆகிய மூன்றின் சரித்திரத்தையும் இக்கேள்வியை வைத்துக்கொண்டு நோக்கினால், ஒழுக்கத்தின் கணக்கில் நாம் எழுதிவைத்த சில தீர்ப்புகள் உண்மையில் போத்தலின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்பது புலப்படும்.

பீப்பாயிலிருந்து போத்தலுக்கு

முதலில், போத்தலில் அடைபடுவதற்கென்றே பிறந்தது போன்ற பானமாகிய பீரை எடுத்துக்கொள்வோம். முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட்டைச் சேர்த்தால், ஈஸ்ட் அச்சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. சில நாட்களில் அது உண்ணத்தக்க சர்க்கரை தீர்ந்துபோகவே, நொதிப்பும் தானாக நின்றுவிடுகிறது. இந்த ‘நின்றுவிடுதல்’ என்பதே பீரின் பெரும் பாக்கியம். இனி நாம் சொல்லப்போகும் அனைத்தும் அதன் விளைவே.

வீட்டளவில் பீர் தயாரிப்பவர்கள், நொதித்து முடிந்த பானத்தைக் கெக் என்னும் எஃகுப் பீப்பாயில் நிரப்பி, உருளையிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்தி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் குழாய் வழியே அருந்துகிறார்கள். ஆதியில் சோடாக் கடைகளுக்குச் சர்க்கரைப் பாகு அனுப்புவதற்கென்று செய்யப்பட்ட, 19 லிட்டர் கொள்ளும் கெக்கே இவர்களிடையே உலகெங்கும் வழங்குவது. கெக் வசதியானதுதான், ஆயினும் அதையும் வாயு உருளையையும் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டு விருந்துக்குப் போவது எளிதன்று. நாலு போத்தலில் அடைத்துச் சென்றால் காரியம் முடிந்தது. ஆகவே கெக்கிலிருந்து போத்தலுக்கு மாற்றும் வித்தை அவசியமாகிறது.

அவ்வித்தையின் அடிப்படை ஒரு பௌதிக விதி. ஒரு திரவத்தில் கரைந்து நிற்கும் வாயுவின் அளவு அதன்மேல் உள்ள அழுத்தத்துக்கு ஏற்ப அமையும் என்பதை ஆங்கிலேய ரசாயன அறிஞரான வில்லியம் ஹென்றி 1803இல் வெளியிட்டார். உஷ்ணம் ஏற ஏற அதே வாயுவைப் பிடித்துவைக்க அதிக அழுத்தம் தேவைப்படும் என்பது இதன் மறுபாதி. ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்க வேண்டுமானால், 4 பாகை செல்சியஸ் குளிரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 12 பவுண்டு அழுத்தம் போதும். 30 பாகை உஷ்ணத்தில், அதாவது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறையில், அதே வாயுவை நிறுத்த 35 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் இருந்த பீர், திறந்த காற்றிலுள்ள வெதுவெதுப்பான போத்தலில் விழுந்த கணமே வாயுவை உதறிவிட்டுக் கொதிக்கும் பால்போல் நுரைத்துப் பொங்கி வழிகிறது. போத்தலில் எஞ்சுவது பாதிப் பானமும், உயிரற்ற சுவையுமே.

இதற்கு மூன்று பரிகாரங்கள் கண்டிருக்கிறார்கள். முதலாவது, கெக்கையே ஒதுக்கிவிட்டு, வாயு ஏற்றாத பீரில் சிறிது சர்க்கரையைக் கலந்து போத்தலில் அடைத்து மூடிவிடுவது. எஞ்சிய ஈஸ்ட் அச்சர்க்கரையை உண்டு போத்தலுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். லிட்டருக்கு 7 கிராம், அதாவது 640 மில்லி கொள்ளும் பெரிய போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி அளவு சர்க்கரை போதுமானது. செலவு குறைந்த, பழமையான முறை இது. அடியில் வண்டல் தங்குவதொன்றே குறை. இரண்டாவது, எதிரழுத்த முறை. போத்தலின் வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, முதலில் கரியமில வாயுவைச் செலுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, கெக்கில் உள்ள அழுத்தத்தையே போத்தலிலும் உண்டாக்கியபின் பீரைத் திறந்துவிடுவது. இருபுறமும் அழுத்தம் சமமாயிருப்பதால் பீர் தான் இடம் மாறியதையே உணர்வதில்லை. ஒரு சிறு வால்வைத் திருகிப் போத்தலின் வாயுவைச் சிறிது சிறிதாகக் கசியவிட, அது சலனமின்றி நிரம்புகிறது. மூன்றாவது, கருவி ஏதுமின்றிக் குளிரையே கருவியாகக் கொள்வது: கெக்கை உறைநிலைக்கு அருகே குளிரவைத்து, போத்தல்களையும் கழுவி ஈரத்தோடே குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, வாயு அழுத்தத்தைக் கூடியமட்டும் தணித்து, குழாயில் செருகிய மெல்லிய நீள்குழலின் நுனி போத்தலின் அடியைத் தொடும்படி வைத்து, அடியிலிருந்து மேலாக நிரப்புவது.

மூன்றில் எதைக் கையாண்டாலும் கடைசிக் காரியம் ஒன்றே. நிரம்பிய போத்தலின் கழுத்தில் நுரை எழுந்து வாய் விளிம்பைத் தொடும்வரை காத்திருந்து, அந்த நுரையின் மேலேயே மூடியை வைத்து அழுத்திவிட வேண்டும். நுரை என்பது கரியமில வாயு. அது கழுத்திலிருந்த காற்றை மேலே தள்ளிவிடுகிறது. நுரை எழாமல் மூடினால் கழுத்தில் பிராணவாயு சிறைப்பட்டு, சில வாரங்களில் பீருக்கு நனைந்த அட்டையின் சுவையைத் தந்துவிடும். பெரிய ஆலைகளிலும், மூடி விழுவதற்கு முன் போத்தலின் வாயில் ஊசிபோன்ற நீர்த்தாரையைப் பீய்ச்சி வேண்டுமென்றே நுரையை எழுப்புகிறார்கள். வீட்டுச் சமையலறையும் ஆலையும் இவ்விடத்தில் ஒரே தத்துவத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் ஆலையார் அதன்மேலும் ஒரு படி போய், அடைத்த போத்தலைச் சுமார் 60 பாகை உஷ்ணத்தில் வைத்துக் கிருமிகளைச் செயலறச் செய்கிறார்கள். வீட்டார் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ஆதலால் வெயில் குறையாத இந்நாட்டில் வீட்டுப் போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவதே விவேகம்.

கள்ளின் சுபாவம்

இனிக் கள்ளுக்கு வருவோம். தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாட்கணக்கில் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், சொட்டுச் சொட்டாக இறங்கும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிடில், முந்திய நாள் கள்ளின் எச்சத்திலும் காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்கள் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. காலையில் இறக்கும்போதே அது பாதி புளித்த பானம்; நண்பகலில் காரம் ஏறும்; மாலையில் உச்சம்; மறுநாள் காடியின் வாடை. பீரில் ஒரே இன ஈஸ்ட் தன் வேலையை முடித்து ஓய்வதுபோல் இங்கே நடப்பதில்லை. ஈஸ்டும், பால்புளிப்பு உண்டாக்கும் நுண்ணுயிரும், சாராயத்தைக் காடியாக்கும் நுண்ணுயிரும் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்றாகவும் வேலை செய்கின்றன. முடிவென்று சொல்லத்தக்க ஒரு நிலை கள்ளுக்கு இல்லை. காடியே அதன் முடிவு.

இத்தகைய பானத்தைப் போத்தலில் இறுக அடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு லிட்டர் வாயு உண்டாகிறது. விற்பனைக்கு வரும் கள்ளில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை மீந்திருப்பதாக வைத்துக்கொண்டால், மூடியபின் பத்து லிட்டர் வாயு உண்டாக வேண்டும். பீர்ப் போத்தல் தாங்கவேண்டியதோ இரண்டரை அல்லது மூன்று. கனத்த கண்ணாடியில் செய்த ஷாம்பேன் போத்தல்கூட ஆறளவையே தாங்கி நிற்கிறது. பத்தளவு வாயு நம் உஷ்ணத்தில் பத்து வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தமாகும். போத்தல் வெடிக்கும், அல்லது மூடி பறக்கும். கள்ளுக்கடையில் போத்தலில் வாங்கிச் செல்வோர் அதன் வாயை இறுக மூடாமல், வாயு வெளியேற வழிவிட்டு எடுத்துப் போனது அநுபவ ஞானமேயன்றி அசிரத்தையன்று.

கள்ளைச் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொன்று அடைக்கலாமே எனின், அடைக்கலாம். யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளை அவ்வாறு போத்தலில் அடைத்து வெளியூர்களுக்கும் அனுப்பியிருக்கின்றன. ஆனால் காலையில் மரத்தடியில் குடித்த கள்ளின் வாசனையும் மென்மையும் சூட்டில் அகன்றுவிடும். கிடைப்பது வேறொரு பானம். நல்ல பானமாயிருக்கலாம், அதே பானமன்று.

தோட்டமும் கள்ளுக்கடையும்

இந்தப் பௌதிக ரசாயன விவகாரம் சமூக விவகாரமாக மாறும் இடம் இதுதான். போத்தலில் அடைபடாத பானம் நெடுந்தூரம் பயணம் செய்யாது. ஆகவே அது மரத்துக்கு அருகிலேயே விற்கப்பட்டாக வேண்டும். சிலாங்கூரில் மரம் நின்றது தோட்டத்தில். தோட்டம் இருந்தது வெள்ளைக்கார நிர்வாகியாகிய துரையின் அதிகாரத்தில். ஆகவே கள்ளுக்கடையும் அவருடைய அதிகாரத்துக்குள் அமைந்தது. ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கென்றே தென்னை வளர்க்கப்பட்டது. அரசாங்க உரிமத்தோடு தோட்டத்திலேயே கடை நடந்தது. பட்டணங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. காலையில் ஆளெண்ணும் கணக்கராகிய கிராணியும், வெட்டுக்காட்டில் மேற்பார்க்கும் கங்காணியும், மாலையில் கடையில் எனாமல் மங்கில் அளந்து ஊற்றுபவனும் ஒரே நிர்வாகத்தின் அங்கங்களாயினர். சம்பளமாகப் போன காசு கள்ளின் விலையாகத் திரும்பிவந்தது.

இதைப் பற்றி அக்காலத்திலேயே இருவேறு அபிப்பிராயங்கள் இருந்தன. தோட்ட நிர்வாகிகளின் தரப்பினர், கள் சத்துள்ள பானம், அதில் உயிர்ச்சத்து உண்டு, கடையை மூடினால் தொழிலாளி அதைவிடக் கொடிய சம்சுவுக்குப் போவான், கடையின் லாபமோ தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று வாதித்தனர். சீர்திருத்தவாதிகளோ, நலநிதி என்பது தொழிலாளியின் பையிலிருந்து எடுத்த காசில் ஒரு பகுதியைத் தர்மம் என்னும் பெயரால் அவனுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் என்றனர். 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்திய செய்தி, தாயகத்துப் பத்திரிகைகளை ஆவலோடு வாசித்த மலாயாத் தமிழரிடையே இரண்டாம் தரப்புக்கு வலுவூட்டியது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தம் இவ்விவாதத்தின் சிகரமாகும். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையின் துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் இயங்கிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னே திரண்ட தொழிலாளர், சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவிலிருந்து விடுதலை ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் முன்வைத்தனர். மே மாதத்தில் நாதன் கைதானார், கிளர்ச்சி மூண்டது, துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். யுத்தம் முடிந்தபின் 1947இல், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோதும் இரத்தம் சிந்தியது.

இக்கோரிக்கைகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. சைக்கிளுக்கும் கள்ளுக்கடைக்கும் குடியொழுக்கத்தின் வழியாக யாதொரு சம்பந்தமும் இல்லை. இரண்டையும் இணைப்பது துரையின் அதிகாரம் ஒன்றே. கள்ளை எதிர்த்தவர்களில் குடியையே பாபமென்று கருதியவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தனை ஆயிரம் பேர் அதற்காகத் திரண்டது, குடிக்கும் இடமும் உழைக்கும் இடமும் ஒருவர் கையிலேயே இருந்ததனால்தான் என்பதே என் துணிபு. அந்நிலையை உண்டாக்கியதில் துரைமாரின் லாப நோக்கத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த நோக்கத்துக்கு வசதி செய்துகொடுத்ததில் கள்ளின் அடைபடாத சுபாவத்துக்கும் பங்கு உண்டு.

போத்தலின் வருகை

அதே காலத்தில் பீரின் பயணம் நேர்மாறாக இருந்தது. டப்ளினில் காய்ச்சிய கின்னஸ் என்னும் கரும்பீரைப் பீப்பாய்களில் வாங்கி, தாங்களே போத்தலில் அடைத்து, தத்தம் விலங்குச் சின்னத்தை ஒட்டி ஏற்றுமதி செய்யும் வணிகர் பலர் இருந்தனர். அவர்களுள் நாய்ச் சின்னத்தை ஒட்டியவர்களின் சரக்கு இப்பக்கத்தில் பெயர்பெற்று, எழுத்தறியாதவரும் சின்னத்தைக் காட்டிக் கேட்கும் நிலை ஏற்பட்டது. பீப்பாயிலிருந்து போத்தலுக்கு மாற்றும் தொழில், காய்ச்சும் தொழிலினின்று வேறான ஒரு தொழிலாகவே உலக வர்த்தகத்தில் நிலைபெற்றிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1876இல் பாஸ்டர் வெளியிட்ட பீர் ஆராய்ச்சி, 1883இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் ஹான்சன் தனி ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்தது, 1892இல் அமெரிக்காவில் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி ஆகிய மூன்றும் சேர்ந்து, ஐரோப்பாவில் அடைத்த பீர் பூமத்தியரேகைக்கு அருகிலும் கெடாமல் வந்துசேர வழி வகுத்தன. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கத்தோடு இணைத்த ரயில்பாதை, கப்பலில் வந்த சரக்குகளை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது. அந்த ரயிலின் பணிமனைகளில் உழைத்த பிரிக்பீல்ட்ஸ் தமிழரோ, பட்டணத்துக் கள்ளுக்கடைக்கு அன்றாடம் வந்திறங்கும் கள்ளையே நம்பியிருந்தனர்.

சுதந்திரத்துக்குப் பின் ஆலையே இங்கு வந்தது. 1960களின் நடுவில் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயில் கின்னஸ் ஆலையும், 1972 முதல் ஷா ஆலமில் கார்ல்ஸ்பர்க் ஆலையும் பீர் காய்ச்சலாயின. கின்னஸ் 1989இல் ஆங்கர், டைகர் பீர்களின் உரிமையாளரோடு இணைந்து, 2016இல் ஹைனெக்கன் மலேசியா என்னும் பெயர் பெற்றது. இந்த ஆலைகள் எழுந்து வளர்ந்த காலத்தில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் கோலாலம்பூர்ப் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தனர். அவர்களோடு கோயில் வந்தது, திருவிழா வந்தது, தமிழ்ப் பள்ளியும் சில இடங்களில் வந்தது. கள் வரவில்லை, வரவும் இயலாது. தென்னை இல்லாத அடுக்குமாடியில் அதன் இடத்தைப் பிடித்தவை, காசுள்ளவனுக்குப் பீரும் காசில்லாதவனுக்குச் சின்னப் போத்தலில் அடைத்த மலிவுச் சம்சுவும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகச் சம்சுவை எதிர்த்துப் பிரசாரம் செய்ததன் பின்னணி இதுவே. கடையை மூடினால் தொழிலாளி சம்சுவுக்குப் போவான் என்ற துரைமாரின் வாதம், கடை மூடப்பட்டதனால் அன்றி மரம் மறைந்ததனால் பலித்தது ஒரு விசித்திரம்.

சட்டமும் ஆபத்தும்

1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி, உரிமமின்றி மது உற்பத்தி செய்வது இந்நாட்டில் குற்றம். ஆலை வைத்திருப்பவருக்கு உரிமமும், இறக்குமதி செய்பவருக்குப் பாதையும் உண்டு. அடுக்களையில் இருபது லிட்டர் பீர் காய்ச்சிப் பார்க்க விரும்புபவருக்கு அத்தகைய வாசல் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதற்குச் சட்டமே இடங்கொடுத்திருக்கிறது. இஸ்லாம் அதிகாரபூர்வ மதமாக உள்ள, முஸ்லிம்களுக்கு மது விலக்கப்பட்ட இந்நாட்டில் அரசு அத்தகைய தளர்வைத் தர முன்வராதது வியப்புக்குரியதன்று. ஆகவே மேலே விவரித்த வித்தையை அறிவுக்காகத் தெரிந்துகொள்வது வேறு, சட்டத்தை மீறிக் கையாள்வது வேறு என்பதை வாசகர் மறக்கலாகாது.

வீட்டு நொதிப்பை எதிர்ப்பவர் வழக்கமாகக் காட்டும் பயம் விஷச் சாராயமே. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் பலர். ஆனால் தானியத்தையோ தென்னஞ்சாற்றையோ புளிக்கவைப்பதனால் அத்தகைய அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனாலைப் பேராசையால் கலப்பதனாலேயே அது வருகிறது. உண்மையான வீட்டுப் பீரில் உள்ள ஆபத்து, நொதிப்பு முடியுமுன் அடைத்த போத்தல் வெடித்துக் கண்ணைப் பறிப்பதுதான். இவ்விரண்டு ஆபத்துகளையும் ஒன்றெனக் குழப்புவது, மெத்தனால் கலக்கும் கயவனுக்கே அநுகூலம். அவனைத் தேடிப் பிடிக்க வேண்டிய கவனம் வேறு திசையில் செலவாகிவிடுகிறது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் ஏற்படுவன இவை. நொதிப்பு முற்றுப்பெறும் பானம் போத்தலில் அடைபடும். அடைபட்டது தூரம் போகும். தூரம் போனது சந்தையையும் விளம்பரத்தையும் சின்னத்தையும் அடைந்து நாகரிகப் பானமாகும். நொதிப்பு முற்றுப்பெறாதது மரத்தடியிலேயே நின்று, மரத்துக்குரியவனின் அதிகாரத்துக்கு உட்பட்டு, அதைக் குடித்தவனோடு சேர்த்து இழிவுபடுத்தப்படும். கள் குடித்த பாட்டனைச் சொல்லக் கூசுகிற பேரன், பாரிலே பீர்ப் போத்தலோடு படம் எடுத்துக்கொள்ளக் கூசுவதில்லை. இரண்டிலும் உள்ள சாராயச் சத்து ஏறத்தாழ ஒன்றே. நூற்றுக்கு நாலைந்து பங்கு. வேறுபாடு மூடியில் இருக்கிறது.

இவ்வாறு சொல்வது கள்ளுக்குப் பரிந்து பேசுவதாகாது. 1941இன் தொழிலாளர் கேட்டது நியாயம். கூலியைக் கொடுக்கும் கையே குடியையும் ஊற்றிக் காசைத் திரும்பப் பெறும் ஏற்பாடு ஒழியவேண்டியதே. ஆனால் அந்தத் தீர்ப்பு கடையின் மீது விழ வேண்டியது; பானத்தின் மீதும் அதை இறக்கிய மரமேறியின் மீதும் அதைக் குடித்த பாட்டனின் மீதும் விழுந்துவிட்டது. நம் தோட்டத்துச் சரித்திரத்தை இனி எழுதப் புகுவோர், குடியின் கேட்டைச் சொல்லும் அதே பக்கத்தில், அக்குடி எந்த ஏற்பாட்டின் வழியே ஊட்டப்பட்டது என்பதையும் எழுதினால்தான், மதுவைப் பற்றி நாம் நடத்திவரும் தர்ம விசாரம் நேர்மையுள்ளதாகும்.